நெஞ்சறையைத் திறந்த ஒளி

மனித உடலிலே நெஞ்சைப்போல் பலமாகக் காவல் செய்யப்பட்ட பகுதி மிகச் சிலவே. பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு விலா எலும்புகள் வேலி கட்டி நிற்க, அவ்வேலிக்குள் இரண்டு நுரையீரல்களும் ஓர் இருதயமும் இமைப்பொழுதும் ஓய்வின்றி உழைத்து வருகின்றன. வயிறு ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் மனிதன் பிழைத்துக்கொள்வான். கைகால்கள் மாதக் கணக்கில் கட்டிலிலே கிடந்தாலும் பிழைத்துக்கொள்வான். நெஞ்சு சில நிமிஷங்கள் வேலையை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது.

லாரி கவிழ்ந்து அடியுண்டவன் ஒருவன். மரத்தினின்று விழுந்தவன் ஒருவன். நள்ளிரவிலே மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த கிழவி ஒருத்தி. நான்கு நாட்களாகக் காய்ச்சலும் இருமலுமாய்க் கிடந்த குழந்தை ஒன்று. இந்நால்வரையும் ஒரே இரவில் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் மூச்சு வாங்குகிறது. நால்வருக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் ஒருவனுக்கு விலா முறிந்து நுரையீரலைக் குத்தியிருக்கலாம். ஒருவனுக்கு நெஞ்சறையிலே இரத்தம் தேங்கியிருக்கலாம். கிழவிக்கு இருதயம் களைத்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குழந்தைக்கு நிமோனியாவாக இருக்கலாம். ஒருவருக்கு அமிர்தமாகும் சிகிச்சை மற்றவருக்கு நஞ்சாகும். இரத்தமிழந்தவனுக்கு நாளத்தின் வழியே நீரேற்றுவது உயிர் கொடுக்கும். அதனையே நுரையீரலில் நீர் கோத்த கிழவிக்குச் செய்தால் உயிர் போகும். ஆகவே, வேலிக்குப் பின்னால் நடப்பது யாது என்பதை டாக்டர் சில நிமிஷங்களுக்குள் அறிந்தாக வேண்டும்.

இந்தக் காரணத்தினாலேயே இன்று உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் டாக்டர்கள் அடிக்கடி கேட்கும் படம் மார்பு எக்ஸ்-ரேயாக இருந்து வருகிறது. அப்படம் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு பலர் உழைத்த வரலாறு. சிலர் கையையும் உயிரையும் கொடுத்த வரலாறு. படம் எவ்வளவு உதவும், எவ்விடத்தில் உதவாது என்பதையும் அவ்வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்தது அதுவே.

தட்டியும் கேட்டும் அறிந்த காலம்

எக்ஸ் கதிர்கள் தோன்றுமுன் டாக்டர்கள் கண் கட்டப்பட்டு நின்றனர் என்று எண்ணுதல் தவறு. நம் பெண்கள் சந்தையிலே பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டு ஓட்டையும் விரிசலும் அறிகின்றனர் அல்லவா? அந்த அறிவையே வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர் லியோபோல்டு ஆவன்புருக்கர் என்பவர். ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகரத்தில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த அவர், மார்பை விரலால் தட்டினால் காற்று நிறைந்த இடம் கணீரென்றும், நீரோ இரத்தமோ தேங்கிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும் என்பதை 1761-ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அதனை அக்காலத்து வைத்தியர் பலர் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனுடைய வைத்தியராயிருந்த கோர்விஸார் 1808-இல் அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பின்னரே உலகம் விழித்தது.

கோர்விஸாரின் மாணாக்கருள் ஒருவர் ரெனே லேனெக். பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இவர், 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. மார்பு நோய்களின் ஓசைகளையெல்லாம் வகைப்படுத்திக் கொடுத்த அப்பெரியார், 1826-இல் தாமே சயரோகத்துக்கு இரையானார்.

தட்டும் விரலையும் கேட்கும் காதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அவற்றின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணியவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பாடத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

வூர்ட்ஸ்பர்க் நகரத்து இருட்டறை

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் மாலை, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் வில்ஹெல்ம் கொன்ராட் ரோண்ட்கன் தம் ஆராய்ச்சி அறையை இருட்டாக்கி, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றிலே மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். ஒளி வெளியே வர வழியில்லை. ஆயினும் சற்றுத் தொலைவிலிருந்த இரசாயனம் பூசிய திரை ஒன்று மினுமினுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைக் கடந்து சென்றிருக்கிறது! அது யாதென்று தெரியாமையால், கணக்கில் அறியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே பெயராக்கி, ‘எக்ஸ் கதிர்’ என்றார்.

ஏழு வாரம் ஒருவருக்கும் சொல்லாமல் ஆராய்ந்தார். டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் படத்தில் தெரிந்தன. டிசம்பர் 28-இல் தம் கட்டுரையை அவ்வூர்ச் சங்கத்திடம் ஒப்புவித்தார். 1896 ஜனவரி முதல் வாரத்திலேயே செய்தி பத்திரிகைகளில் பரவிற்று. அவர் அதற்குத் தனியுரிமைச் சாசனம் எதையும் பெறவில்லை. கோடீசுவரராகியிருக்கக் கூடியவர், கண்டதை உலகத்துக்கு விட்டுக்கொடுத்தார். 1901-இல் பௌதிகத்துக்கான முதல் நோபெல் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்பணத்தையும் தம் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். அறிவை விலங்கிட்டு வைக்காமையின் பயன் உடனே விளங்கிற்று. 1896-ஆம் ஆண்டிலேயே ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ ராயல் இன்பர்மரியில் ஜான் மக்கின்டயர் என்னும் டாக்டர் எக்ஸ்-ரே பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். உலகத்தின் முதல் எக்ஸ்-ரே பிரிவு அதுவே என்று வைத்திய வரலாற்று நூல்கள் கூறும். குழந்தை விழுங்கித் தொண்டையில் சிக்கிய காசைக் கண்டுபிடித்தது அவருடைய பெயர்பெற்ற படங்களுள் ஒன்று.

கையும் காலும் சொன்னபடி அசையாமல் இருக்கும். நெஞ்சோ ஓயாமல் அசைவது. அந்நாளில் மார்புக்குள் கதிர் புகுந்து தகட்டில் பதியப் பல நிமிஷங்கள் வேண்டியிருந்தன. மூச்சு வாங்கும் நோயாளி அவ்வளவு நேரம் அடக்கிக்கொள்ள முடியுமா? இத்தடையைத் தாண்டியவர் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி டாக்டர் பிரான்சிஸ் வில்லியம்ஸ். தகட்டை விட்டு, மினுங்கும் திரையின்மேல் விழும் நிழலைத் தம் கண்ணாலேயே 1896 முதல் பார்த்து வந்தார். இருதயம் பருத்திருப்பது, நிமோனியாவில் நுரையீரல் இறுகியிருப்பது, நோயுற்ற பக்கத்தில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசைத்திரை குறைவாக அசைவது ஆகியவற்றையெல்லாம் கண்டு 1901-இல் பெருநூலாக எழுதினார். மார்புப் படத்தைப் படிக்கும் சாஸ்திரத்துக்கு அது அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

அச்சாஸ்திரத்தின் அரிச்சுவடி எளிது. காற்றுக் கதிரைத் தடுப்பதில்லை. ஆகவே நுரையீரல் கறுப்பாகத் தோன்றும். எலும்பு பெரிதும் தடுக்கும். ஆகவே வெள்ளையாகத் தோன்றும். தசையும் நீரும் இரத்தமும் இடைப்பட்டவை. கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தால் அங்கே நீரோ சீழோ இரத்தமோ புகுந்திருக்கிறது என்றாகும். நுரையீரலின் மெல்லிய கோடுகளே இல்லாமல் வெறுங்கறுப்பாக இருந்தால், நுரையீரல் சுருங்கி அதன் வெளியே காற்று நிறைந்திருக்கிறது என்றாகும்.

ஆராயப்படாத ஒருவன்

இயந்திரம் பிறந்தது, ஆனால் அது கட்டடத்துக்குள்ளே குடியிருந்தது. அவசரமோ கட்டடத்துக்கு வெளியே நிகழ்வது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை முதலில் குறைத்தது, வருந்தத்தக்க வகையில், போர்தான். 1897-98-இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த தீராப் போருக்கு டாக்டர் வால்டர் பீவர் எக்ஸ்-ரே கருவியைக் கொண்டு சென்றார். 1898-இல் சூடான் போரின்போது டாக்டர் ஜான் பாட்டர்ஸ்பி நைல் நதிக்கரையில் ஒரு கருவியை நிறுவினார். அங்கே மின்சாரம் ஏது? சிப்பாய்கள் சைக்கிளை மிதித்து மின்சாரம் உண்டாக்கினர்!

பாட்டர்ஸ்பி எழுதி வைத்த கணக்கிலே ஒரு செய்தி நம் உள்ளத்தை உருக்குகிறது. காயமுற்றுப் பின்னணிக்கு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் 121 பேர். அவர்களுள் 21 பேருக்குச் சாதாரண முறையில் குண்டு இருக்குமிடம் தெரியவில்லை. கதிரின் உதவியால் 20 பேருக்குத் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சிய ஒருவன் யார்? நுரையீரலில் குண்டடிபட்டவன். அவன் நிலைமை மிகவும் மோசமாயிருந்தமையால், அவனை எக்ஸ்-ரே பார்க்கவே இயலவில்லை.

கால்களிலும் தோள்களிலும் குண்டு பட்டவர்களுக்குக் கதிர் உதவிற்று. எவனுக்கு அது மிகமிக வேண்டியதாயிருந்ததோ அவனுக்கு உதவவில்லை. மார்பு எக்ஸ்-ரேயின் அவசர சிகிச்சை வரலாறு முழுவதும் அந்தப் பெயர் தெரியாத சிப்பாய்க்கு விடை தேடிய வரலாறே என்று நாம் கருதுகிறோம். நகர்த்த முடியாத நோயாளியிடம் இயந்திரம் நகர்ந்து வர வேண்டும். காத்திருக்க முடியாதவனுக்குப் படம் உடனே கிடைக்க வேண்டும். இவ்விரண்டையும் சாதிக்க உலகத்துக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, இரு முறை நோபெல் பரிசு பெற்றிருந்த மேரி கியூரி அம்மையார் தம் ஆராய்ச்சியை நிறுத்திவைத்து மோட்டார் வண்டிகளிலே எக்ஸ்-ரே கருவிகளை ஏற்றினார். வண்டியின் இயந்திரமே மின்சாரமும் தந்தது. சுமார் 20 வண்டிகளையும் 200 நிலையங்களையும் அவர் ஏற்படுத்தினார்; தாமே வண்டி ஓட்டக் கற்றார்; பதினேழு வயதுச் செல்வி ஐரீனையும் உடனழைத்துக்கொண்டார். சுமார் 150 பெண்களுக்கு இவ்வேலையைப் பயிற்றுவித்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இவ்வாறு பரிசோதிக்கப்பட்டனர். பெண்ணுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்போர் எந்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு அந்த 150 பெண்களே பதில்.

கொடுத்த விலை

இக்கதிருக்கு நிறமும் இல்லை, சூடும் இல்லை. ஆகவே அபாயமும் இல்லை என்று முதலில் நம்பினர். எடிசனின் உதவியாளர் கிளாரென்ஸ் டேலி கதிர்களிலேயே நாளெல்லாம் கைகளைக் காட்டி வந்தார். புண் தோன்றிற்று, புற்று நோயாயிற்று, கைகளை வெட்டியும் பயனின்றி 1904-இல் மாண்டார். இங்கிலாந்திலே எக்ஸ் கதிரை வைத்தியத்துக்கு முதன்முதல் பயன்படுத்தியவர்களுள் ஒருவராகிய ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் 1908-இல் இடக்கையை இழந்தார். வலக்கையின் விரல்களும் பின்னர்ப் போயின. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 1936-இல் நாட்டப்பட்ட நினைவுக் கல்லில், கதிரால் உயிர் நீத்த 169 பேருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னரும் பல பெயர்கள் சேர்க்கப்பட்டன.

கதிர் மட்டுமன்று, படம் பதிக்கும் பிலிமும் உயிரைக் குடித்தது. அந்நாளைய பிலிம் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. 1929 மே 15-ஆம் நாள் அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கின் நிலவறையில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்-ரே பிலிம்கள் பற்றிக்கொண்டன. எரிந்த பிலிமிலிருந்து எழுந்த நச்சுப் புகை கட்டடமெங்கும் பரவி 123 பேரைக் கொன்றது. நுரையீரலைக் காப்பதற்கு எடுத்த படங்களே நுரையீரலை எரித்த கொடுமையை என்னென்பது! அதன் பின்னரே எளிதில் தீப்பற்றாத பிலிம் எங்கும் வழக்கத்துக்கு வந்தது.

இதற்கிடையே அறிஞர்கள் கருவியைச் செம்மையாக்கிக்கொண்டே வந்தனர். 1913-இல் வில்லியம் கூலிட்ஜ் அமைத்த புதிய குழாய், வேண்டிய அளவு கதிரை வேண்டியபோது தந்தது. நெஞ்சைப் படமெடுக்கும் நேரம் நிமிஷத்திலிருந்து விநாடிக்கும், விநாடியிலிருந்து அதன் சிறு பகுதிக்கும் குறைந்தது. நோயாளி ஒரு மூச்சை அடக்கினால் போதும் என்றாயிற்று. 1936-இல் பிரேசில் நாட்டு மானுவேல் டி அப்ரூ சிறு பிலிமில் மலிவாகப் படமெடுக்கும் முறையைக் கண்டார். ஊர் முழுவதையும் சயரோகத்துக்காகப் பரிசோதிக்கும் இயக்கங்கள் அதிலிருந்தே பிறந்தன. 1947-இல் சிங்கப்பூரில் தோன்றிய சயரோக எதிர்ப்புச் சங்கம் அவ்வழியில் ஆற்றிய தொண்டு தனிக் கட்டுரைக்கு உரியது.

ஒரு தீயும் ஒரு பாடமும்

1942 நவம்பர் 28-ஆம் நாள் இரவு, பாஸ்டன் நகரத்தில் ‘கோகனட் குரோவ்’ என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்தது. வாயில்கள் சில பூட்டியிருந்தன. 492 பேர் மாண்டனர். மாஸச்சூஸெட்ஸ் பொது ஆஸ்பத்திரிக்கு மட்டும் 114 பேரைக் கொண்டுவந்தனர். அவர்களுள் வார்டில் சேர்க்கும்வரை உயிரோடிருந்தவர் 39 பேரே. உடலில் தீப்புண் மிகுதியாக இல்லாதவரும் சிலர் மூச்சுத் திணறி மாண்டதைக் கண்டு டாக்டர்கள் திகைத்தனர். தீ தோலை மட்டுமன்றி, புகையின் வழியே நெஞ்சையும் சுட்டிருந்தது.

அங்கே கதிர் நிபுணராயிருந்த ரிச்சர்டு ஷாட்ஸ்கி உயிர் பிழைத்தவர்களின் மார்புப் படங்களை ஆராய்ந்து, நுரையீரலில் ஆங்காங்கே காற்றுப் புகாமல் சுருங்கிய திட்டுக்கள் இருந்ததை 1943-இல் எழுதி வெளியிட்டார். பேராபத்து ஒன்றில் அடியுண்ட மக்களின் நெஞ்சைப் படத்தின் துணையோடு தொடர்ந்து கவனித்த வரலாற்றில் அது ஒரு முக்கியமான ஏடு. புகை குடித்தவனின் முதற்படம் குறையில்லாமலே இருக்கலாம், கேடு பல மணி நேரம் கழித்தே தெரியவரலாம் என்பது இன்று எல்லா டாக்டர்களும் அறிந்த பாடம். முதற்படம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது எப்போதும் அறிவுடைமையாகாது.

அவசரப் பிரிவு பிறந்தது

அவசர சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவும் தனி டாக்டர்களும் இருப்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அது பழைய ஏற்பாடு அன்று. வெகுகாலம் அவ்வேலை அனுபவம் குறைந்த இளம் டாக்டர்கள் முறைபோட்டுப் பார்க்கும் வேலையாகவே இருந்தது. 1941-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் விபத்து ஆஸ்பத்திரி தோன்றிற்று. 1961-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியா நகரத்தில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவரும் தோழர் மூவரும் தம் சொந்தத் தொழிலை விட்டு, இரவும் பகலும் அவசர நோயாளிகளையே பார்ப்பது என்று முடிவு செய்தனர். 1962-இல் பிரிட்டனில் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, விபத்துச் சிகிச்சையை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று அறிக்கை தந்தது.

அப்போதுதான் படமும் விரைவு பெற்றது. பிலிமை இருட்டறையில் கையால் கழுவி உலர்த்திக் கொடுக்க ஒரு மணி நேரம் வரை ஆன காலம் போயிற்று. 1956-இல் வந்த தானியங்கிக் கருவி அதனை 6 நிமிஷமாக்கிற்று. 1965-இல் அது 90 விநாடியாயிற்று. சக்கரம் பூட்டிய இயந்திரம் கட்டிலண்டை வந்தது. சூடான் பாலைவனத்துச் சிப்பாய்க்கு உலகம் கடைசியாகப் பதில் சொல்லிற்று.

ஆனால் அப்பதிலுக்கும் ஒரு குறை உண்டு. நல்ல மார்புப் படத்துக்கு நோயாளி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆறடி தூரத்தில் முதுகுப் பக்கமிருந்து கதிர் வர வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து அடக்க வேண்டும். அடியுண்டவனோ மல்லாந்து கிடக்கிறான். கதிர் முன்பக்கமிருந்து, அருகிலிருந்து வருகிறது. அதனால் இருதயத்தின் நிழல் உள்ளபடியைவிடப் பெரிதாகத் தெரியும். நிற்பவனுக்கு இரத்தம் கீழ்மூலையில் தேங்கும். ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் இருந்தாலே படத்தில் மூலை மழுங்கித் தெரியும். படுத்தவனுக்கோ அது முதுகுப் பக்கம் பரவி, மெல்லிய மூடுபனிபோல் மட்டுமே தோன்றும். வெளியேறிய காற்றும் படுத்தவனுக்கு மார்பின் முன்பக்கம் ஒதுங்கி, பல வேளைகளில் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே படுத்தவனின் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் அவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டலாகாது.

இன்னொரு விந்தையையும் சொல்ல வேண்டும். கடும் வயிற்று வலியோடு வந்தவனுக்கும் சில வேளைகளில் டாக்டர் மார்புப் படம் கேட்கிறார். வலி வயிற்றில், படம் நெஞ்சுக்கா என்று உறவினர் ஐயுறுவர். குடலோ இரைப்பையோ ஓட்டையானால் உள்ளிருந்த காற்று வெளியேறி, நிமிர்ந்திருப்பவனுக்கு மேலேறி, தசைத்திரையின் கீழே கறுப்புப் பிறைபோல் நிற்கும். அப்பிறையைக் கண்ட மாத்திரத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஆயத்தம் செய்வர். காரணமில்லாமல் கேட்கும் படமன்று அது.

எடுக்கக் கூடாத படம்

இனி, நாம் முன்பு சொல்லி வைத்த பாடத்துக்கு வருவோம். விலா முறிந்து நுரையீரலைக் குத்தியவனுக்குச் சில வேளைகளில் ஒரு வழிக் கதவுபோல் ஆகிவிடும். மூச்சு இழுக்கும்தோறும் காற்று நுரையீரலை விட்டு நெஞ்சறைக்குள் புகும், திரும்பி வராது. காற்றின் அழுத்தம் ஏறி ஏறி, ஒரு நுரையீரலைச் சுருட்டி, இருதயத்தையும் மறுபக்கம் தள்ளும். இரத்தம் இருதயத்துக்குத் திரும்ப முடியாமல் சில நிமிஷங்களில் உயிர் பிரியும். இதற்குச் சிகிச்சை என்ன? மார்பிலே ஓர் ஊசியைச் செலுத்தி அடைபட்ட காற்றை வெளியேற்றி, பின்பு ஒரு குழாயைப் பொருத்துவதுதான்.

இந்நிலையைக் காட்டும் எக்ஸ்-ரே படங்கள் பாட நூல்களில் உண்டு. ஆயினும் அதனை எடுத்திருக்கவே கூடாத படம் என்று ஆசிரியர்கள் மாணாக்கருக்குச் சொல்வது வழக்கம். படம் எடுக்கும் நேரத்திலே நோயாளி மாண்டுவிடுவான். ஒரு பக்கம் மூச்சோசை இல்லை; தட்டினால் வெற்றுப் பானைபோல் ஒலிக்கிறது; கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது; இரத்த அழுத்தம் விழுகிறது. அறிய வேண்டியவை அவ்வளவே. விடுதிக்காரர் மகன் 1761-இல் கற்பித்த விரலும், லேனெக் கற்பித்த காதும் இங்கே கோடிப் பொன் பெறும் இயந்திரத்தை முந்திக்கொள்கின்றன!

இந்த ஒழுங்கு எல்லா டாக்டர்களுக்கும் பரவியதற்கு ஒரு துயரம் காரணமாயிருந்தது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு அறுவை நிபுணர் மனைவி மக்களுடன் ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து வயலிலே விழுந்தது. மனைவியார் அவ்விடத்திலேயே மாண்டார். குழந்தைகள் படுகாயமுற்றனர். போய்ச் சேர்ந்த சிற்றூர் ஆஸ்பத்திரியில் இத்தகைய காயங்களைப் பார்க்கும் முறை ஒருவருக்கும் தெரியவில்லை. துயரத்தில் மூழ்கிக் கிடக்காமல், அவர் தோழர்களுடன் சேர்ந்து ஒரு பயிற்சி முறையை வகுத்தார். 1978-இல் முதல் வகுப்பு நடந்தது; 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றது; இன்று உலகின் பல நாடுகளில் அது கற்பிக்கப்படுகிறது. முதலில் மூச்சு வழி, அடுத்து மூச்சு, அடுத்து இரத்த ஓட்டம். உடனே கொல்லக் கூடியதை உடனே கவனி. மார்புப் படம் அதற்குத் துணையே அன்றி அதற்கு முந்தியதன்று என்பது அதன் சாரம்.

சிங்கப்பூர் கண்ட சோதனை

படத்தின் பெருமையும் சிறுமையும் நம்மூரிலேயே ஒருங்கே வெளிப்பட்ட காலம் ஒன்று உண்டு. 2003-இல் ‘சார்ஸ்’ என்னும் புதிய தொற்று நோய் சிங்கப்பூருக்கு வந்தது. டான் டோக் செங் ஆஸ்பத்திரியை அந்நோய்க்கென்றே சர்க்கார் ஒதுக்கிற்று. காய்ச்சலோடு வருபவர்களுள் யாரைப் பிரித்து வைப்பது? உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலக்கணத்தில், காய்ச்சலும் இருமலும் நோயாளித் தொடர்பும் உடையவர் ‘சந்தேகத்துக்குரியவர்’. அவர் மார்புப் படத்தில் நிமோனியாவின் நிழல் தெரிந்தால் ‘நோயுற்றிருக்கக் கூடியவர்’. இவ்விரண்டு சொற்களுக்கும் இடையில் நின்றது ஒரு நிழலே. ஆனால் நோயின் தொடக்கத்தில் அந்நிழல் தெரியாமலும் இருக்கலாம். ஆதலால் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 238 பேர் நோயுற்று 33 பேர் மாண்டனர். மாண்டவர்களுள் நோயாளிகளைப் பார்த்த டாக்டர்களும் தாதியரும் இருந்தனர். 2020-இல் கொரோனா பரவியபோது பல நாடுகளில் எக்ஸ்-ரே இயந்திரத்தையே கட்டிலுக்கும் கூடாரத்துக்கும் தள்ளிச் சென்றதற்கு, நோயாளி நடமாடினால் நோயும் நடமாடும் என்னும் இத்தகைய அனுபவமே காரணம்.

நாம் கொள்ள வேண்டியது

இன்று மார்புப் படத்துக்குப் போட்டியாளர்கள் பலர். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு முதல் நோயாளிக்குக் காட்டிய சி.டி. இயந்திரம், உடலைத் தகடு தகடாகப் பிரித்துக் காட்டும். கட்டிலண்டையிலேயே ஒலியலையால் பார்க்கும் கருவி, படுத்தவனின் மார்பிலுள்ள காற்றையும் இரத்தத்தையும் பல வேளைகளில் எக்ஸ்-ரேயைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும். ஆயினும் விரைவும் மலிவும் எளிமையும் உடைமையால் மார்பு எக்ஸ்-ரே தன் இடத்தை இழக்கவில்லை.

கதிர் என்றதும் அஞ்சி ஓடுவோர் நம்மிடையே உளர். அவர்களுக்குச் சொல்கிறோம்: முன்னோடிகள் நாளெல்லாம் பட்ட கதிர் வேறு, இன்று ஒரு மார்புப் படத்தில் படும் கதிர் வேறு. அது சுமார் 0.02 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நம்மீது மூன்று நாட்களில் படுவது ஏறத்தாழ அவ்வளவே. மார்பு சி.டி.யோ அதனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. கருவுற்றிருக்கும் பெண்கள் அதனை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

மற்றொரு சாரார், படம் எடுக்காத டாக்டர் டாக்டரே அல்லர் என்று சண்டைக்கு நிற்கின்றனர். அதுவும் அறியாமையே. அடிபட்டு வந்த எவருக்குப் படம் வேண்டும், எவருக்கு வேண்டாம் என்பதற்கு 2013-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஏழு கேள்விகள் வகுத்தனர். வயது அறுபதுக்கு மேலா, மார்பில் வலியுண்டா, தொட்டால் நோகிறதா, குடித்திருக்கிறாரா, நினைவு தெளிவாக உள்ளதா, வலியை மறைக்கும் வேறு காயம் உண்டா, அடியின் வேகம் எத்தகையது என்பன அவை. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், படம் தேவைப்படுவது மிக அரிது. கேட்டும் தொட்டும் பார்த்து வேண்டாமென்று சொல்லும் டாக்டர் நமக்குக் குறை செய்யவில்லை.

ஆகவே தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் மக்கள் கொள்ள வேண்டியவை இரண்டு. நெஞ்சில் அடிபட்டாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும், வாயு என்று சொல்லித் தைலம் தடவிக் காலைவரை காத்திராதீர்கள், நிமிஷங்களே உயிர். ஆஸ்பத்திரியை அடைந்ததும், எப்படி விழுந்தான், எப்போது வலித்தது, முன்னே என்ன நோயிருந்தது, என்ன மருந்து தின்றான் என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். நிழலைக் காட்டுவது இயந்திரத்தின் வேலை. அந்நிழலின் கதையைச் சொல்வது நம் வேலை. இரண்டையும் சேர்த்துப் படிப்பது டாக்டரின் வேலை.

ரோண்ட்கன் தம் ஒளியை விலை பேசவில்லை. கியூரி அம்மையார் அதனை வண்டியில் ஏற்றிக் காயமுற்றவனிடம் கொண்டுபோனார். எந்தச் சிற்றூரிலும், எந்தத் தோட்டத்துக்கு அண்மையிலும், நகர முடியாத நோயாளிக்கு அவ்வொளியும் அதனைப் படிக்கத் தெரிந்த கண்ணும் எட்டும்படி செய்தால்தான், நைல் கரையில் ஆராயப்படாமற் கிடந்த அந்த ஒருவனுக்கு உலகம் பட்ட கடன் முழுவதும் தீரும்.